டெலஸ்கோப்புக்கு முதலில் கால் வேண்டும்!

பிள்ளைக்கு டெலஸ்கோப் வாங்கித் தர நினைக்கும் தகப்பனார் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதுதான். நூறு மடங்கு, இருநூறு மடங்கு என்று பதில் வருகிறது. பெட்டியின்மேல் சனிக் கிரகம் தன் வளையத்தோடு பளபளவென்று அச்சாகியிருக்கிறது. பணம் கைமாறுகிறது. அந்தக் குழாய் எதன்மேல் நிற்கப் போகிறது என்று கேட்டவர் யாராவது உண்டா?

வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கதி தெரிகிறது. மொட்டை மாடியில் முக்காலியை விரித்து, குழாயைப் பூட்டி, பிள்ளை கண்ணை வைக்கிறான். சனி தெரிகிறது, தெரிந்த மாத்திரத்தில் நடுங்குகிறது. "எங்கே, எங்கே?" என்று தங்கை ஓடி வருகிறாள், மாடித் தளம் அதிர்கிறது, சனியைக் காணோம். காற்று வீசினால் கேட்கவே வேண்டாம். நாலு நாள் இப்படிப் போராடிவிட்டு ஐந்தாம் நாள் டெலஸ்கோப் பரணுக்குப் போகிறது. நம் ஊர்ப் பரண்களில் இப்படி உறங்குகிற கண்ணாடிகள் கொஞ்சமல்ல. பள்ளிக்கூட பீரோக்களிலும் சில உண்டு.

குற்றம் கண்ணாடியின்மேல் இல்லை. நூறு மடங்கு பெரிதாக்கும் கருவி, அசைவையும் நூறு மடங்கு பெரிதாக்கத்தானே செய்யும்? அந்த அளவில் கண்ணுக்குத் தெரியும் வானம் பூரண சந்திரன் அகலம், அதாவது அரை டிகிரி இருந்தால் அதிகம். இரண்டடிக் குழாயின் நுனி கால் அங்குலம் நகர்ந்தால் போதும், பார்த்த பொருள் காட்சியைவிட்டே போய்விடும். இது போதாதென்று பூமி வேறு சும்மா இருப்பதில்லை. மணிக்கு 15 டிகிரி வீதம் சுழன்றுகொண்டே இருப்பதால், கையே வைக்காமல் விட்டாலும் இரண்டே நிமிஷத்தில் சனி ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய் மறைந்துவிடும். ஆகவே டெலஸ்கோப்பைத் தாங்கும் பீடத்துக்கு இரண்டு வேலை. அசையக் கூடாது, அதே சமயம் வானத்தோடு சேர்ந்து ஒழுங்காகத் திரும்பவும் வேண்டும். ஆங்கிலத்தில் இதை மௌண்ட் என்கிறார்கள். குழாயைவிட இதைச் செய்வதுதான் கஷ்டம்.

என் கட்சி இதுதான். வீட்டிலே வானம் பார்க்க ஒரு சிறு கொட்டகை அமைக்க ஆசைப்படுகிறவர், கையிலிருக்கும் பணத்தில் பாதிக்குக் குறையாமல் பீடத்துக்கு ஒதுக்க வேண்டும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இருப்பவரானால், அந்தப் பீடத்தைக் கடையில் வாங்காமல் நம் கொத்தனாரையும் லேத் பட்டறைக்காரரையும் கொண்டு இங்கேயே செய்துகொள்ள வேண்டும். முன்னதற்குச் சரித்திரம் சாட்சி. பின்னதற்குப் பூகோளம் சாட்சி.

கடலூருக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரியின் கதையை முதலில் சொல்கிறேன். சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கறுப்புப் பொட்டுப்போலக் கடக்கும் அபூர்வ நிகழ்ச்சியை 1761-ஆம் வருஷம் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி முந்திய வருஷமே கப்பல் ஏறினார். அவர் வந்து சேருவதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். கரையில் இறங்க வழியில்லை. ஜூன் 6-ந் தேதி நடுக்கடலில், கப்பலின் மேல்தளத்திலிருந்து அவர் சுக்கிரனைப் பார்த்தார். வானம் நிர்மலமாக இருந்தது. கையில் நல்ல கருவி இருந்தது. சாஸ்திர ஞானத்துக்கோ குறைவில்லை. இருந்தும் பார்த்தது ஒன்றுக்கும் உதவவில்லை! ஆடும் கப்பலில் கருவியை நிலையாக நிறுத்தவும் முடியாது, ஊசல் கடிகாரத்தை நம்பவும் முடியாது. காலடியில் ஒரு சாண் நிலையான நிலம் இல்லாத குறைதான்.

அடுத்த தடவை 1769-இல். மனுஷர் ஊருக்குத் திரும்பவில்லை. எட்டு வருஷம் கிழக்குக் கடல்களிலேயே காத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்திருந்த புதுச்சேரியில், இடிந்து கிடந்த கோட்டையின்மேல் நல்ல கட்டடமாக ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுப்பினார். சோழிகளைப் பரப்பிக் கிரகணம் கணிக்கும் தமிழர் முறையைக் கற்றுக்கொண்டு எழுதி வைத்ததும் இந்த நாட்களில்தான். ஜூன் 4-ந் தேதி காலை, சரியாக அந்த வேளையில், மேகம் வந்து மூடிவிட்டது. பாவம்! மேகத்துக்குப் பரிகாரம் கிடையாது. ஆனால் ஆட்டத்துக்கு உண்டு என்பதற்காகத்தான் இந்தக் கதையை எடுத்தேன்.

பரிகாரம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலைய வளாகத்துக்குப் போகலாம். அங்கே 15 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. எடை 10 டன். அமைத்தவர் மைக்கேல் டாப்பிங். பொறித்த வருஷம் 1792. தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்து வெட்டியிருக்கிறது. ஏதோ வெற்றித் தூண் என்று நினைத்துவிட வேண்டாம். நட்சத்திரங்களின் நிலையை அளக்கும் கருவியைத் தாங்குவதற்காக நட்ட கால் அது. அந்த நிலையம் கணித்த தீர்க்கரேகையை ஆதாரமாக வைத்துத்தான் இந்தியா முழுவதையும் அளந்தார்கள். 1906-இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை ரயில்கள் ஓடியதும் அங்கே கணித்த சென்னை நேரப்படிதான். இத்தனை பெருமைக்கும் ஆரம்பம் என்ன தெரியுமா? வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் 1786-இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் வைத்திருந்த வீட்டு வானாராய்ச்சிக் கூடம்! நாலு அங்குலக் கண்ணாடிக்குப் பத்து டன் கல் நடச் சொல்லவில்லை நான். அளவு வேறு, முறை ஒன்றுதான். தூண் முதலில், கருவி பிறகு.

11¾ டிகிரி சமாசாரம்

இனிப் பூகோளத்துக்கு வருவோம். நட்சத்திரங்களெல்லாம் துருவத்தை மையமாக வைத்து வட்டமிடுகின்றன. ஆகையால் பீடத்தின் சுழல் அச்சைத் துருவத்துக்கு நேராகச் சாய்த்து வைத்துவிட்டால், அந்த ஒரே அச்சைச் சுற்றித் திருப்பினால் போதும், நட்சத்திரம் காட்சியைவிட்டு விலகாது. எவ்வளவு சாய்ப்பது? ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி. லண்டனில் 51½. நியூயார்க்கில் 41-க்குச் சற்றுக் குறைவு. கடலூரில் 11¾. சிதம்பரத்தில் 11-க்குமேல் அரைக்கால் குறைய அரை டிகிரிதான்.

உலகச் சந்தையில் விற்கும் பீடங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனத்தில் வைத்துச் செய்தவை. பலவற்றில் சாய்வுத் திருகாணி 20 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. மல்லுக்கட்டி இறக்கினாலோ வேறு தொல்லை. அச்சு ஏறக்குறையப் படுத்துவிடுவதால் பாரமெல்லாம் வடக்குப் பக்கம் வெளியே தள்ளி நிற்கிறது. எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கிறது. வாங்கியவர் தமக்குத்தான் பூட்டத் தெரியவில்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார். அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. அது அவர் ஊருக்குத் தைத்த சட்டையே இல்லை.

ஆனால் இந்தப் பதினொன்றே முக்கால் டிகிரி நமக்குக் கிடைத்த சாபமா? வரம் என்பேன். பழைய காலத்து ஆங்கிலப் பீடம் என்று ஒரு வகை இருக்கிறது. தெற்கே ஒரு தூண், வடக்கே ஒரு தூண். இரண்டுக்கும் நடுவே பாலம்போல ஓர் உருளைத் தண்டு. தண்டின் நடுவில் குறுக்காக ஒரு பக்கம் டெலஸ்கோப், மறு பக்கம் எதிர் எடை. இரு முனையிலும் தாங்கல் இருப்பதால் இதற்கு ஆட்டம் மிகக் குறைவு. இதை லண்டனில் அமைக்கப் பார்த்தால், தூண்களுக்கு இடைவெளி 6 அடி என்றால் தெற்குத் தூணைக் காட்டிலும் வடக்குத் தூண் ஏழரை அடி உயரமாக இருக்க வேண்டும். ஏணி போட்டு ஏற வேண்டியதுதான். அதே 6 அடி இடைவெளிக்குக் கடலூரில் எவ்வளவு உயர வேண்டும்? வெறும் 15 அங்குலம்! சிதம்பரத்தில் பதினாலரை. இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் போகும் தூரம் இந்த அரை அங்குலத்தில் அடங்கிவிடுகிறது.

பதினைந்து அங்குலம் என்பது கொத்தனார் பாஷை. தண்ணீர் நிரப்பிய டியூப்பை இரு தூணிலும் பிடித்து மட்டம் பார்ப்பது அவருக்குத் தினசரி வேலை. அரைக்கால் அங்குலம் தவறினாலும் சாய்வில் வரும் பிழை டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான். அதைப் பிறகு திருகாணியால் சரி செய்துகொள்ளலாம். தண்டுக்கு நேரான இரும்பு ஷாப்டு. முனைகளுக்கு இரண்டு பிளம்மர் பிளாக் பேரிங். படகு எஞ்சினும் பம்ப் செட்டும் பழுது பார்க்கும் பட்டறைகளுக்கு இது புதிய வித்தையா என்ன?

வடக்குத் தூண் துருவப் பக்கத்து வானத்தை மறைக்குமே என்று புத்தகங்களில் இந்த வகைக்கு ஒரு குறை சொல்வதுண்டு. நமக்கு அந்தப் பக்கம் மறைந்தால் நஷ்டம் என்ன? துருவமே அடிவானத்தில் கிடக்கிறது!

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986-இல் திறந்து, வைணு பாப்பு பெயரைச் சூட்டிய 93 அங்குல டெலஸ்கோப் இருக்கிறதல்லவா? அதன் பீடமும் வடக்கிலும் தெற்கிலுமாக இரு பக்கமும் தாங்கிய குதிரைலாட நுகத்தடி வகைதான். காவலூரின் அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி. அந்த இடத்துக்கென்றே கணக்குப் போட்டு, இந்தியத் தொழிற்சாலையிலேயே உருவாக்கினார்கள். இறக்குமதி செய்தால்தான் உசத்தி என்று பாப்பு நினைக்கவில்லை. 1982-இல் அவர் காலமாகிவிட்டதால் முடிந்த கோலத்தைப் பார்க்கும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை.

மண்ணும் உப்பும் புயலும்

தூணை எங்கே நடுவது? மொட்டை மாடி வேண்டாம். கான்கிரீட் தளம் பறைபோல அதிரும். பகலில் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும். மேலே எழும் அந்தச் சூட்டில் நட்சத்திரம் நீருக்கடியில் கிடப்பதுபோல நெளியும். கொல்லைப்புறத்தில் தரையிலேயே நடுங்கள். தென்னை மறைக்கிறது என்பார்கள். மரத்துக்காக மாடி ஏறுவதைவிட, கொல்லையிலே எந்த மூலையிலிருந்து தெற்கும் கிழக்கும் திறந்திருக்கிறது என்று தேடுவது மேல்.

கடலூர்க் கரையோரம் மணல். சிதம்பரம் பக்கம் வண்டல் கலந்த களிமண். மணலில் உறை கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்டு உறை ஒன்றை நாலடி ஆழம் இறக்கி, உள்ளே கம்பி கட்டிக் கான்கிரீட் நிரப்பினால் அசைக்க முடியாது. களிமண் அப்படிப்பட்டதல்ல. கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். தூணைச் சாய்த்தும் விடும். அங்கே இன்னும் ஆழம் போக வேண்டும்; அடியை அகலமாகவும் போட வேண்டும். எந்த மண்ணானாலும் ஒரு விதி மாறாது. நிற்கும் தளமும் தூணும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நடுவே ஓர் அங்குலம் சந்து விட்டுவிட்டால், பக்கத்தில் பிள்ளைகள் குதித்தாலும் தூணுக்குத் தெரியாது. இரும்புக் குழாயைத் தூணாக நிறுத்துகிறவர்கள் உள்ளே உலர்ந்த மணலைக் கொட்டி நிரப்பட்டும். வெற்றுக் குழாய் மணிபோல அதிர்ந்துகொண்டிருக்கும்.

கொட்டகையின் கூரையைத் தண்டவாளத்தில் தள்ளித் திறக்கும்படி அமைப்பது சுலபம். ஆனால் 2011 டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயலைக் கண்டவர்களுக்கு, உருளும் கூரை என்றதும் வயிற்றைக் கலக்கும். நியாயந்தான். பலாவையும் முந்திரியையும் வேரோடு பிடுங்கிப் போட்ட காற்று அது. கூரையின் நாலு மூலையிலும் கனத்த போல்ட்டுகள் போட்டு அடித்தளத்தோடு முறுக்கிவிட வேண்டும். ஐப்பசி பிறந்தால் கண்ணாடியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும். உப்புக் காற்றுக்கு பேரிங்கில் தாராளமாகக் கிரீஸ். இதைவிட விசேஷமாக ஒன்றும் தேவையில்லை.

வடக்கு எது?

இரண்டு தூணும் சரியாகத் தெற்கு வடக்காக நிற்க வேண்டும். காந்த ஊசியை நம்பாதீர்கள். பக்கத்திலிருக்கும் கம்பியெல்லாம் அதை இழுக்கும். அது காட்டுவதும் உண்மையான வடக்கு இல்லை. நம்மவர்கள் கோயிலுக்கும் அரண்மனைக்கும் மனை கோலிய முறையே போதும். கோல் நட்டு, நிழல் பார்த்து, கயிறு பிடித்து அரண்மனை வகுத்த செய்தி நெடுநல்வாடையிலேயே வருகிறது. தரையை மட்டமாக்கி ஒரு கோலை நட்டு, அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்துக் கோடு வடக்கு தெற்கு. உச்சி நிழலை மட்டும் வைத்துப் பார்ப்பவர்கள் ஏப்ரல் 20, 21 வாக்கில் ஏமாறுவார்கள். அன்றைக்கு நம் பக்கம் சூரியன் தலைக்கு நேரே வருவதால் நட்ட கோலுக்கு நிழலே விழாது!

துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வெளிநாட்டுப் புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. கடலூரிலிருந்து பார்த்தால் அது பன்னிரண்டு டிகிரி உயரத்தில் கடற்கரை மூடாப்புக்குள் மங்கிக் கிடக்கிறது. அந்தத் திசையில் புதுச்சேரியின் விளக்கு வெளிச்சம் வேறு. சிதம்பரத்துக்காரருக்குக் கடலூரின் வெளிச்சம். தெரிகிற நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் கவலை வேண்டாம்.

வேறு வழி உண்டு. ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கின்றன. மூன்றில் முதலாவதாக உதிப்பது வானத்தின் நடுக்கோட்டையே ஒட்டி நிற்பது. அது வங்கக் கடலுக்குமேலே சற்று எழுந்ததும் டெலஸ்கோப்பை அதன்மேல் வைத்து, ஒற்றை அச்சிலேயே திருப்பிப் பின்தொடருங்கள். பத்து நிமிஷத்தில் நட்சத்திரம் தெற்கே நழுவினால் அச்சின் வடமுனை தாழ்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. பிறகு அதே நட்சத்திரம் உச்சிக்கு வரும்போது மறுபடி பாருங்கள். தெற்கே நழுவினால் வடமுனை கிழக்கே ஒதுங்கியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. கண்ணாடிக்குள் திசை தலைகீழாகத் தெரியுமாதலால், குழாயை வடக்கே லேசாகத் தட்டிவிட்டுப் பாருங்கள். நட்சத்திரம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் தெற்கு. இரண்டு மூன்று இரவு பொறுமையாகத் திருகினால் தீர்ந்தது. பிறகு வருஷக்கணக்கில் தொட வேண்டாம். கிழக்கே கடல்வரை திறந்த வானம் இந்தக் காரியத்துக்குப் பெரிய சகாயம். மலை சூழ்ந்த ஊர்க்காரருக்கு இது கிடைக்காது.

இத்தனை பாடு எதற்கு, கம்ப்யூட்டர் பூட்டிய பீடம் தானே நட்சத்திரத்தைத் தேடிப் பிடிக்கிறதே என்கிறார்கள். பிடிக்கிறது, மறுக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் ஊர் மாறும் உத்தியோகஸ்தருக்கு அதுதான் சௌகரியம். ஆனால் ஆடும் காலில் நிற்கும் கம்ப்யூட்டரும் ஆடத்தான் செய்யும். உப்புக் காற்றில் அதன் மின்சுற்று கெட்டால் ரிப்பேருக்கு எங்கே அனுப்புவது? பேரிங் தேய்ந்தால் முதுநகரிலேயே மாற்றிக்கொள்ளலாம். கொல்லையே இல்லாதவருக்கும், செலவுக்குக் கட்டாதவருக்கும், சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன் 1960-களில் காட்டிய பலகைப் பெட்டிப் பீடம் இருக்கிறது. தச்சர் ஒரே வாரத்தில் செய்துவிடுவார். தானாக வானத்தைத் தொடராது. கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஆடாது. கடையில் வரும் மெல்லிய முக்காலிக்கு அது எவ்வளவோ மேல்.

பள்ளிக்கூடங்களுக்கு டெலஸ்கோப் வாங்கித் தருகிறவர்கள் காதில் போட வேண்டிய சேதியும் ஒன்று உண்டு. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு தூணைக் கட்டி முடித்த பள்ளிக்கூடத்துக்குத்தான் கருவி என்று ஒரு நிபந்தனை போடுங்கள். தூண் கட்டாத இடத்தில் கருவி பீரோவுக்குத்தான் போகும். கட்டுகிற இடத்திலோ, டெலஸ்கோப் வந்து சேருவதற்கு முன்பே ஒரு பாடம் நடந்துவிடும். வடக்குத் தூண் ஏன் 15 அங்குலம் உயரம் என்று கேட்கும் பையனுக்கு அட்சரேகையைப் பற்றி வாத்தியார் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மழை ஓய்ந்து, பொங்கல் கழிந்ததும் பள்ளம் தோண்டினால் கான்கிரீட் மாசியில் இறுகிவிடும். பங்குனியில் தண்டை ஏற்றித் திருகிச் சரி பார்க்கலாம். சித்திரை மாதப் பிறப்பன்று நடுநிசியில், தெற்கே 31 டிகிரி உயரத்தில், ஓமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து நிற்கும். வெறுங்கண்ணுக்கு மங்கலான பஞ்சுத் துணுக்கு. டெலஸ்கோப்பில் பல லட்சம் நட்சத்திரங்களின் குவியல். லண்டனிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. அங்கே அது அடிவானத்துக்குமேல் எழுவதே இல்லை. கடலூர்க் கொல்லையிலிருந்து பார்க்கலாம், கால் மட்டும் ஆடாமல் இருந்தால்.